சொந்தக் கணினி, சொந்தக் காரணம்

கடையில் விலை கொடுத்து வாங்கிய கணினியின் திரையும் விசைப்பலகையும் வன்தட்டும் வாங்கியவருக்கே உரியவை. ஆனால் அவற்றை இயக்குகின்ற மென்பொருள் பெரும்பாலும் அவருக்கு உரியதன்று. கணினியின் மின்விசையை அழுத்தியதும் நினைவகத்தைப் பங்கிட்டு, கோப்புகளைக் காத்து, அச்சுப்பொறி முதல் இணையம் வரை ஒவ்வொன்றையும் பிற மென்பொருள்களோடு இணைத்துவைக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் எனப்படுகிறது. விண்டோஸ், மேக்ஓஎஸ் ஆகியவை பலரும் அறிந்த இயங்குதளங்கள். விண்டோஸுக்காகச் செலுத்தப்படும் பணம் அம்மென்பொருளின் விலையன்று, குறிப்பிட்ட நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டு அதைப் பயன்படுத்திக்கொள்வதற்கான அனுமதிக்கு, அதாவது உரிமத்துக்குத் தரப்படும் கட்டணமே. அதன் உட்புறத்தைத் திறந்து பார்க்கவும், ஒவ்வாததை மாற்றிக்கொள்ளவும், படியெடுத்து நண்பருக்குத் தரவும் அந்த உரிமம் இடமளிப்பதில்லை. இந்த ஏற்பாட்டிலிருந்து விலகி, லினக்ஸ் என்று பொதுவாக அழைக்கப்படும் கட்டற்ற இயங்குதளத்தைத் தம் கணினியில் நிறுவிக்கொள்பவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களைக் கூர்ந்து நோக்கினால், பலர் இங்கே வந்து சேர்ந்த காரணம் ஒன்றாகவும் நிலைத்துவிட்ட காரணம் வேறாகவும் இருப்பது தெரியவருகிறது.

'கட்டற்ற' என்ற சொல்லை முதலில் விளக்கிக்கொள்ள வேண்டும். நிரலாளர் ஒருவர் மனிதருக்குப் புரியும் வடிவில் எழுதும் கட்டளைகளின் தொகுதி மூலநிரல். அது கணினி மட்டுமே நிறைவேற்றக்கூடிய இருமக் குறியீடாக மாற்றப்பட்ட பிறகே விற்பனைக்கு வருகிறது. சமையற்குறிப்பை மறைத்துவிட்டுப் பலகாரத்தை மட்டும் விற்பது போன்றது இது. எந்த நோக்கத்துக்காகவும் இயக்குவது, மூலநிரலைப் படித்து மாற்றுவது, படிகளைப் பிறருக்கு வழங்குவது, மாற்றிய வடிவத்தையும் வழங்குவது என்னும் நான்கு உரிமைகளையும் பயனருக்குத் தருகின்ற மென்பொருளே கட்டற்ற மென்பொருள். ஆங்கிலத்தில் விலையின்மையையும் விடுதலையையும் ஒரே சொல் குறிப்பதால் இந்த இயக்கம் தொடக்கம் முதலே தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு வந்திருக்கிறது; 1998இல் 'திறமூலம்' என்ற மாற்றுச் சொல் முன்வைக்கப்பட்டதற்கு அந்தக் குழப்பமும் ஒரு காரணம். தமிழில் 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு. ஆங்கிலம் பேசுவோர் நீண்ட விளக்கங்களால் கடக்க வேண்டியிருந்த தடையைத் தமிழ் இரண்டு சொற்களால் கடந்துவிட்டது.

இந்த இயங்குதளத்தின் வரலாறே தனிமனிதர் சிலரின் சொந்தக் காரணங்களால் ஆனது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், அங்கிருந்த பழைய அச்சுப்பொறியின் நிரலைத் திருத்தி, தாள் சிக்கிக்கொண்டால் அச்சுக்காகக் காத்திருப்போருக்கு உடனே செய்தி போகும்படி செய்திருந்தார். 1980 வாக்கில் அங்கு வந்த புதிய லேசர் அச்சுப்பொறியிலும் தாள் சிக்கியது. ஆனால் அதன் மூலநிரல் தரப்படாததால் அதே திருத்தத்தை அதில் செய்ய இயலவில்லை. மற்றொரு பல்கலைக்கழகத்தில் அந்த நிரலை வைத்திருந்த ஒருவரிடம் கேட்டபோது, வெளியாருக்குத் தருவதில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பதாகக் கூறி அவரும் மறுத்துவிட்டார். தீர்க்கத் தெரிந்த ஒரு சிக்கலைத் தீர்க்கவிடாமல் தடுத்த அந்த மறுப்பு அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. 1983 செப்டம்பர் 27 அன்று, முற்றிலும் கட்டற்ற ஓர் இயங்குதளத்தை உருவாக்கும் க்னூ திட்டத்தை அவர் அறிவித்தார். பெற்ற உரிமைகளை அடுத்தவருக்கும் தடையின்றித் தர வேண்டும் என்ற நிபந்தனையைக் கொண்ட க்னூ பொதுமக்கள் உரிமம் 1989இல் வெளிவந்தது.

க்னூ திட்டம் பல கருவிகளை உருவாக்கியிருந்தாலும், வன்பொருளோடு நேரடியாகப் பேசும் உள்ளகப் பகுதியான கர்னல் அதற்கு வாய்க்காமலிருந்தது. அந்த இடத்தை நிரப்பியது பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸின் தேவை. 1991 தொடக்கத்தில் 386 வகைக் கணினி ஒன்றை வாங்கிய அவருக்கு, பல்கலைக்கழகத்தில் இருந்ததைப் போன்ற யூனிக்ஸ் என்னும் இயங்குதளச் சூழல் தம் வீட்டிலும் வேண்டியிருந்தது; கற்பித்தலுக்காக எழுதப்பட்டிருந்த மினிக்ஸ் இயங்குதளம் அவருக்குப் போதவில்லை. பல்கலைக்கழகக் கணினியோடு தொடர்புகொள்வதற்காக அவர் எழுதத் தொடங்கிய சிறு நிரல் படிப்படியாக வளர்ந்து லினக்ஸ் என்னும் கர்னலாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 25 அன்று அதை அறிவித்தபோது, அது வெறும் பொழுதுபோக்கு முயற்சிதான், பெரிதாக வளரப்போவதில்லை என்றே அவர் எழுதினார். மறு ஆண்டு அது க்னூ உரிமத்தின் கீழ் வந்தது. 1993இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக், அப்போது கிடைத்த லினக்ஸ் தொகுப்பின் குறைகளால் சலிப்புற்று டெபியன் திட்டத்தைத் தொடங்கினார். கர்னல், க்னூ கருவிகள், எழுதவும் வரையவும் உதவும் மென்பொருள்கள் ஆகியவற்றை ஒன்றாகக் கட்டித் தரும் இத்தகைய தொகுப்பு 'வழங்கல்' எனப்படுகிறது. 2004இல் வெளிவந்த உபுண்டுவும், அதிலிருந்து கிளைத்த லினக்ஸ் மின்டும் டெபியனின் வழிவந்தவையே. அச்சுப்பொறி, வீட்டுக் கணினி, குறைபட்ட தொகுப்பு என்று மூவருக்கும் வாய்த்த காரணங்கள் மிகச் சிறியவை. உலகை மாற்றும் நோக்கம் பிற்பாடு, அதுவும் அவர்களுள் ஒருவருக்கே, முதன்மையாக இருந்தது.

இன்று சாதாரணப் பயனரை இந்தப் பக்கம் திருப்பும் காரணங்களுள் மிகவும் வெளிப்படையானது பழைய கணினி. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய நுண்செயலியையும் கேட்கிறது. இன்டெல் நுண்செயலிகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்து தொடங்குகிறது. 2016இல் வாங்கப்பட்டு, இன்றும் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மடிக்கணினி இந்த அளவுகோலில் தேறுவதில்லை. அதன் விசைப்பலகை தேயவில்லை, திரை மங்கவில்லை; அதற்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்தவர் அதன் உரிமையாளர் அல்லர். அதே மடிக்கணினியில் 4 ஜிபி நினைவகம் இருந்தால் லினக்ஸ் மின்ட் இயல்பாக இயங்கும். அதைவிடக் குறைந்த வலுவுடைய கணினிகளுக்கென்றே எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி போன்ற எளிய திரைச்சூழல்கள் உள்ளன. பிள்ளைகளின் படிப்புக்காகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துக் கணினி வாங்கிய குடும்பத்துக்கு, அது இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் உழைக்கும் என்பது சிறிய செய்தியன்று.

அடுத்த காரணத்தைப் பலர் வெளிப்படையாகச் சொல்வதில்லை. சென்னை ரிச்சி தெரு முதல் சிற்றூர்ப் பழுதுபார்ப்புக் கடை வரை, 'ஃபார்மட் அடித்துத் தருவது' என்று வழங்கப்படும் பணியில் உரிமமில்லாத விண்டோஸ் படி ஒன்றை நிறுவித் தருவது நெடுங்காலம் நடைமுறையில் இருந்துவந்திருக்கிறது. வாடிக்கையாளர் பல நேரங்களில் அதை அறிவதுகூட இல்லை. உரிமச் சோதனையை முறியடிப்பதற்காகச் சேர்க்கப்படும் சிறு நிரல்களைப் பெரும்பாலும் எவரும் திறந்து பார்ப்பதில்லை. நச்சுநிரல்கள் நுழைவதற்கு அதைவிட வசதியான வாசல் வேறு இருக்க முடியாது. பொய்யான படியை வைத்துக்கொண்டிருக்கிறோம் என்ற உறுத்தல் சிலரை லினக்ஸுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. விலையைத் தாங்க முடியாதவருக்குக் களவுப் படி, அல்லது கணினியே இல்லாமை என்ற இரண்டு வழிகளை மட்டும் விட்டுவைப்பது நேர்மையான ஏற்பாடு ஆகாது. மூன்றாவதாக ஒரு நேர்வழி இருக்கிறது என்பதே பலருக்கு எட்டவில்லை. ஒரே பென்டிரைவிலிருந்து தெருவிலுள்ள அத்தனை கணினிகளிலும் உபுண்டுவை நிறுவினாலும் எந்தச் சட்டமும் மீறப்படுவதில்லை. உரிமமே அதை அனுமதிக்கிறது.

பாதுகாப்பு என்ற காரணம் அடிக்கடி மிகைப்படுத்திச் சொல்லப்படுகிறது. லினக்ஸில் நச்சுநிரலே வராது என்பது உண்மையன்று. வீட்டுக் கணினிகளில் அதன் பங்கு குறைவாக இருப்பதால் தாக்குவோரின் கவனம் குறைவு என்பதும், மென்பொருள்கள் பெரும்பாலும் வழங்கலின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே, கையொப்பம் சரிபார்க்கப்பட்டு நிறுவப்படுகின்றன என்பதும் சரியான விளக்கங்கள். டெபியனின் களஞ்சியத்தில் மட்டும் 60,000க்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. முகம் தெரியாத தளங்களிலிருந்து மென்பொருளை இறக்கிக்கொள்ளும் தேவை அதனால் வெகுவாகக் குறைகிறது. இருந்தபோதிலும், திறந்த நிரலுக்குள்ளும் தீமை நுழைய முடியும் என்பதை 2024ஆம் ஆண்டின் நிகழ்வு ஒன்று காட்டியது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்னும் மென்பொருளின் பராமரிப்பில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பொறுமையாக நம்பிக்கை ஈட்டிய ஒருவர், தொலைவிலிருந்து கணினிகளுக்குள் நுழைய உதவும் இரகசியக் கதவு ஒன்றை அதன் புதிய பதிப்புகளில் ஒளித்துவைத்தார். ஆண்ட்ரஸ் ஃப்ரொய்ண்ட் என்ற நிரலாளர், டெபியனின் சோதனைப் பதிப்பில் தொலைநுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, அந்த அரை நொடியின் காரணத்தைத் தேடிப் போய், 2024 மார்ச் 29 அன்று கதவின் இருப்பை உலகுக்கு அறிவித்தார். நிலையான பதிப்புகளுக்குள் அது பரவும் முன்பே தடுக்கப்பட்டது. மூலநிரல் மூடியிருந்தால் தாமதத்தைக் கவனித்திருக்கலாம். அதற்கப்பால் போக வழி இருந்திருக்காது. திறந்திருப்பதனாலேயே ஒரு நிரல் பாதுகாப்பானதாகிவிடுவதில்லை. பார்க்க விரும்புகிறவரைத் தடுக்க அங்கு எவருமில்லை என்பதே அதன் வலிமை.

அந்தரங்கம் குறித்த அக்கறையும் இதனோடு சேர்ந்தது. விண்டோஸ் 11இன் வீட்டுப் பதிப்பு, முதன்முறை அமைக்கும்போது இணைய இணைப்பையும் மைக்ரோசாஃப்ட் கணக்கையும் தேவைகளாகப் பட்டியலிடுகிறது. தம் வீட்டு மேசையில் கடிதம் தட்டச்சு செய்வதற்கு ஒரு நிறுவனத்திடம் பெயர் பதிந்துகொள்ள வேண்டுமா என்ற கேள்வி சிலருக்கு எழுகிறது. டெபியனோ லினக்ஸ் மின்டோ அத்தகைய கணக்கு எதையும் கேட்பதில்லை.

தமிழ் பேசுவோருக்கு இந்த இயங்குதளத்தில் மற்றெவருக்கும் குறையாத, சற்றுக் கூடுதலான காரணமும் உண்டு. வணிக மென்பொருள் ஒன்று எந்த மொழியில் வரும் என்பதைச் சந்தைக் கணக்கு முடிவு செய்கிறது. இன்று விண்டோஸிலும் தமிழ் இடைமுகம் கிடைக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் எப்போது தருவது, எந்தச் சொற்களில் தருவது, எப்போது நிறுத்துவது என்பவற்றைத் தீர்மானிப்பது நிறுவனமே. லினக்ஸ் திரைச்சூழல்களான கேடிஇ, க்னோம் ஆகியவற்றைத் தமிழாக்கும் பணியை, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் மேலை நாடுகளிலும் வாழ்ந்த ஆர்வலர்கள் எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் மேற்கொண்டார்கள். அந்தப் பணியின் அமைப்பு மிக எளியது: திரையில் தோன்றும் ஒவ்வொரு தொடரும் ஒரு கோப்பில் ஆங்கிலத்தில் ஒரு வரியாக இருக்கும், அதன் கீழே தமிழுக்கான வரி வெறுமையாக விடப்பட்டிருக்கும். நிரல் எழுதத் தெரியாத தமிழாசிரியர் ஒருவர்கூட அந்த வெற்று வரியை நிரப்பலாம். கோப்பு, சாளரம், உலாவி, எழுத்துரு போன்ற சொற்கள் கணினித் தமிழில் வேரூன்றியதில், ஆயிரக்கணக்கான இத்தகைய வரிகளோடு மல்லாடியவர்களின் உழைப்புக்கும் பங்குண்டு. எல்லாச் சொல்லாக்கமும் சிறந்ததாக அமையவில்லை, சில பட்டியல்கள் பாதியிலேயே நிற்கின்றன, ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு மென்பொருள்களில் இரண்டு தமிழ்ச் சொற்கள் காணப்படுவதும் உண்டு. ஆயினும் குறை கண்டவர் திருத்தலாம் என்ற வசதி வேறெங்கும் இவ்வளவு நேரடியாக இல்லை.

மொழிக்கான பிற ஏற்பாடுகளும் இதே முறையில் வளர்ந்தவை. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, ஒலிபெயர்ப்பு முறை, பழைய தட்டச்சு முறை ஆகிய மூன்றும் ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியின் வழியே லினக்ஸில் கிடைக்கின்றன. நாள், நாணயம் போன்றவற்றை எழுதும் முறைக்கான அமைப்பு இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனியே உள்ளது. கண்பார்வை இல்லாதவர்களுக்குத் திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் ஆர்கா மென்பொருள் க்னோம் சூழலோடு வருகிறது. அதற்குக் குரல் தரும் ஈஸ்பீக் தமிழையும் வாசிக்கும். அந்தக் குரல் இயந்திரத்தனமானதே. எனினும் விலையுயர்ந்த திரைவாசிப்பான்களை வாங்க இயலாத மாணவருக்கு அது கல்விக்கும் தனிமைக்கும் இடையிலுள்ள வேறுபாடாக அமையக்கூடும். தமிழைவிடச் சிறிய மொழிகளுக்கு இந்தத் திறப்பு இன்னும் முக்கியமானது. மதுரைப் பகுதியில் பேசப்படும் சௌராட்டிர மொழியின் எழுத்து, உலக மொழி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான ஒருங்குறியில் 2008இல் இடம்பெற்றது. அம்மொழியில் ஓர் இடைமுகம் வேண்டுமென்றால் எந்த நிறுவனமும் அதில் இலாபம் காணப்போவதில்லை, ஆனால் அம்மொழியினர் தாமே அதை உருவாக்கிக்கொள்வதற்கு லினக்ஸில் சட்டத் தடையோ தொழில்நுட்பத் தடையோ இல்லை.

காரணம் பயனருடையதாக இருக்க வேண்டும் என்பதற்குத் தமிழகத்திலேயே ஒரு பாடம் உண்டு. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் என்ற இந்திய வழங்கல், 2011இல் தொடங்கிய மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்து நிறுவித் தரப்பட்டது. தொடங்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் இந்த முறைக்கு இரட்டைத் துவக்கம் என்று பெயர். ஆனால் கையில் தந்துவிடுவதால் மட்டும் ஒரு கருவி ஒருவருடையதாகிவிடுவதில்லை. எதற்காக அது அங்கே இருக்கிறது என்பதை எடுத்துச்சொல்ல ஆள் வேண்டும். 1998 முதல் இயங்கிவரும் சென்னை லினக்ஸ் பயனர் குழு, காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் தோன்றிய குழுக்கள், 2012இல் தொடங்கிய 'கணியம்' இதழ் ஆகியவை ஊதியம் கருதாமல் அந்தப் பணியைச் செய்துவருகின்றன.

இடையூறுகளைச் சொல்லாமல் விட்டால் விளக்கம் முழுமையடையாது. சில கம்பியில்லா இணைப்புச் சில்லுகளுக்கும் அச்சுப்பொறிகளுக்கும் அவற்றின் தயாரிப்பாளர்கள் லினக்ஸுக்கான இயக்கி நிரலைத் தருவதில்லை. ஆகவே நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே நேரடியாக இயக்கிப் பார்த்து, இணையமும் ஒலியும் அச்சும் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்துக்கொள்வது நல்லது. கணக்கெழுதுவோர் நம்பியிருக்கும் டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. அச்சகங்கள் பழகிய பேஜ்மேக்கருக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. ஸ்கிரைபஸ், இங்க்ஸ்கேப், கிம்ப் போன்ற மாற்றுகளைக் கற்க நாள்கள் பிடிக்கும், சில பணிகளுக்கு அவை ஈடாவதுமில்லை. டேலிக்காக விண்டோஸை ஒரு பகுதியில் வைத்துக்கொண்டு ஏனைய வேலைகளை லினக்ஸில் செய்பவரைக் கொள்கையில் தளர்ந்தவர் என்று குறைகூறுவது நியாயமன்று.

நெடுநாள் தமிழில் எழுதிவருபவருக்கு இவற்றினும் கடினமான தடை ஒன்று காத்திருக்கிறது. இலங்கையில் பாமினி, தமிழகத்தில் வானவில் எனப் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகள் உண்மையில் தமிழ்க் கோப்புகளே அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற குறிகளின் வரிசையாகவே தெரியும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும்போது, குறிக்குக் குறி இடமாற்றினால் மட்டும் போதாது. 'கொ' என்பதைப் பழைய முறை ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்திருக்க, ஒருங்குறி மெய்யை முன்னும் உயிர்க்குறியை அதன் பின்னும் வைப்பதால், ஒவ்வொரு கொம்பையும் எடுத்து அதன் எழுத்துக்குப் பின்னால் நிறுத்தியாக வேண்டும். ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நிரல்தொகுதியில் இதற்கான மாற்றிகள் உள்ளன. பழைய மடிக்கணினியைக் காப்பாற்றுவதற்காக மட்டுமே லினக்ஸுக்கு வந்த எழுத்தாளர் ஒருவர், இருபது ஆண்டுக் கையெழுத்துப்படிகளை இவ்வாறு மாற்றி, லிப்ரெஆபிஸ் என்னும் கட்டற்ற அலுவலக மென்பொருளில் திறந்து மெய்ப்புப் பார்க்கையில், கிரந்த எழுத்து ஒன்று எல்லா இடங்களிலும் பிழையாக மாறியிருப்பதைக் காணக்கூடும். மாற்றியின் உள்ளே இருப்பது பழைய குறி ஒருபுறமும் ஒருங்குறி எழுத்து மறுபுறமுமாக எழுதப்பட்ட ஓர் அட்டவணைதான். பிழையான வரியை அவரே கண்டுபிடித்துத் திருத்தலாம். அதை உருவாக்கியவர்களுக்கு அனுப்பிவைத்து, அது ஏற்கப்பட்டால், அடுத்த பதிப்பை இறக்கிக்கொள்ளும் வேறோர் ஊர் எழுத்தாளரின் கோப்பில் அந்த எழுத்து பிழையின்றி வரும்.